நடுக்கோடு

தங்கச்சிமடத்தில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து
பங்குக் கூடத்தில் ஆறாம் வகுப்பு மறைக்கல்வி.
மற்ற நாள்களில் நான்
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்:
எத்தனை பார், எந்தப் படகுக்கு, எவ்வளவு கடன்.
இறையியல் படித்தவளில்லை.
ஃபாதர் கூடத்துச் சாவியையும் சாக்பீஸ் டப்பாவையும் நீட்டியபோது
மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்றைய பாடம்: ஒரே ஆள், இரண்டு இயல்பு.
கடவுள், முழுக்க.
மனிதன், முழுக்க.
ஒரு பார் ஐஸுக்கு இரண்டு பார் எடை என்று
நான் பில் போட்டால் முதலாளி விடுவாரா?

பாம்பனைச் சொல்லித்தான் தொடங்கினேன்.
பாலத்துக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
இரண்டும் இரண்டு குணம், ஆனாலும் பாருங்கள்...
முடிக்கவில்லை, கிளாட்வின் எழுந்துவிட்டான்.
விடியலில் கரை பிடித்த படகில் இறால் பிரித்துவிட்டு
கை கழுவாமல் வந்தவன்.
"பாலத்துக்கு அடியில எது ஆணு எது பொண்ணுன்னு
எங்க சித்தப்பாவுக்கே தெரியாது டீச்சர்.
நீவாடு இழுக்குற பக்கம்தான் கடல்."

கலவாமல், என்கிறது கையேடு.
இரண்டு கடலையும் அழித்தேன்.
பலகையில் வெள்ளைப் புகையாக ஏதோ நின்றது.

பிறகு எல்லா டீச்சரும் செய்வதைச் செய்தேன்.
நடுவில் ஒரு கோடு.
இந்தப் பக்கம் பசித்தார், அழுதார், தாகம் என்றார்.
அந்தப் பக்கம் தண்ணீர்மேல் நடந்தார்,
இலாசரை எழுப்பினார்.
ஸ்கேல் வைத்துக் கிழிக்கும் சத்தம் கூடம் முழுக்க.
மறைமாவட்டத் தேர்வில் ஐந்து மதிப்பெண் நிச்சயம்.

டெல்பின் கோடு போடவில்லை.
அவள் அப்பா போன படகில் ஏழு பேர்,
யாழ்ப்பாணம் சிறையில் இருபது நாளாக.
செவ்வாய்க்கிழமை வழக்கு.

"படகுல தலையணை வச்சுத் தூங்கினாரே,
அது நெசத் தூக்கமா டீச்சர்?
இல்ல சீடருங்கள சோதிக்கவா?"
நெசம், என்றேன்.
"அப்ப அந்த நேரம் எல்லாத்தையும் யாரு பாத்துக்கிட்டா?"

கூரையில் காற்றாடி கறகறத்தது.

"எங்கப்பாவும் அசந்துட்டாராம்.
நீவாடு இழுத்துட்டுப் போயிருச்சாம்.
முழிச்சப்ப மூஞ்சியில லைட்டு அடிச்சாங்களாம்."

கையேட்டைப் புரட்டவில்லை. அதில் இருக்காது.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
பகலெல்லாம் பேசித் தொண்டை வறண்ட ஒருவர்
கயிறு கன்னத்தில் பதியப் பதியத் தூங்கினார்.
எழுப்பினார்கள். மரியாதையாக எழுப்பவில்லை,
சாகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்றார்கள்;
மீன்பிடிக்கிறவர்கள், இன்னும் என்னென்ன சொன்னார்களோ.
(பின்வரிசையில் சிரிப்பு.)
கடைவாய் எச்சிலைத் துடைக்கக்கூட இல்லை,
அந்த வாய்தான் கடலைப் பார்த்து
இரையாதே என்றது.
தூங்க ஒருவர், அதட்ட ஒருவர் என்று
அந்தப் படகில் இரண்டு பேர் இல்லை.

டெல்பின் யோசித்தாள். உட்காரவில்லை.
"அப்ப எழுப்பினாத்தான் எழுந்திரிப்பாரா?"

மணி அடித்தது.
அடிக்காவிட்டாலும் என்னிடம் எதுவும் இல்லை.

திங்கள்கிழமை ஐஸ் கம்பெனி மேசையில்
நோட்டுகளைத் திருத்தினேன்.
முப்பத்தொரு நோட்டில் முப்பதிலும் கோடு நேர்.
அவள் கடைசியில் கோடு போட்டிருந்தாள், ஸ்கேல் இல்லாமல்.
இரண்டு பக்கமும் வெறுமை.
கோட்டின் மேலேயே, எழுத்துகள் அதில் மோதி உடைய,
தூங்கினார்
என்று மட்டும்.

ஐந்துக்கு எத்தனை?
பில் கட்டுக்கு அடியில் வைத்தேன்.
செவ்வாய் மதியம் செய்தி வந்தது,
வழக்கு இன்னும் பதினான்கு நாள் தள்ளி.
நோட்டு அங்கேயே இருக்கிறது.
ஐஸ் ஈரத்தில் அந்தப் பக்கம்
கொஞ்சம் ஊறி, மை பரவியிருக்கிறது.