அரை மாத்திரை

ஒல்டன்பூர்க்கில் மழையை யாரும் எண்ணுவதில்லை.
சன்னலுக்கு வெளியே அது பாட்டுக்குப் பெய்கிறது.
உள்ளே நாங்கள்
தண்ணீரைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேலை இதுதான்: ஹுன்ட்டே ஆற்றில் ஒரு படகு மதகு.
இரண்டு கதவு, நடுவில் ஒரு தொட்டி,
நிரப்பு, வடி, நில் என்று
மூன்றே சொல் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி.
இருபக்க நீரும் சமமாகாமல் கதவு திறக்கக் கூடாது.
திறக்காது என்று
வரப்போகும் எல்லா நாளுக்கும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

கதவுக்கு நிலை உண்டு.
தண்ணீருக்கு ஏது?
இரண்டு மீட்டருக்கும் இரண்டரைக்கும் நடுவில்
எத்தனை உயரம் என்று கேட்டால்
எந்தக் கணினியும் விடிந்தாலும் எண்ணி முடிக்காது.

ஆகவே அறை பிரித்தோம். தாழ்வு, நடு, உயர்வு.
ஒரு துளி தாண்ட முடிந்தால்
அறை முழுதும் தாண்டியதாகக் கணக்கு.
பயந்தவன் கணக்கு அது;
ஆபத்து ஒன்றும் விட்டுப்போகாது.

பதினோரு நொடியில் கணினி ஒரு சாட்சியை இழுத்து வந்தது:
ஏழாம் அடியில் கதவு திறக்கிறது,
ஒரு மீட்டர் நீர் இடிந்து விழுகிறது,
படகு கவிழ்கிறது.

என்னோ தாடியைச் சொறிந்தபடி பின்னோக்கி நடந்து பார்த்தான்.
ஆறாம் அடி சரி. ஐந்து சரி.
நான்கில் பிடித்துவிட்டான்:
நடு அறைக்குள் நுழைந்த துளி வேறு,
அங்கிருந்து வெளியேறிய துளி வேறு.
அறைக்குள் ஆள் மாறிய சாட்சி.

பொய்ச்சாட்சியை நாங்கள் விரட்டுவதில்லை.
எங்கே பொய் சொன்னதோ
அங்கே ஒரு சுவர் எழுப்புகிறோம்.

உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்த மதியத்தில்
அவனிடம் சொன்னேன்: என் மொழியிலும் இந்தக் கணக்கு உண்டு.
ஓடும் குரலை இமைப்பொழுதால் அளந்து
குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று அறை பிரித்தார்கள்.
பிறகு யாரோ ‘பாட்டு’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.
கடைசி உகரம் ஒன்றுக்குள் நிற்கவில்லை,
உதடு குவியுமுன் தீர்ந்துபோனது.
சுவர் எழுப்பினார்கள். அரை மாத்திரை.

“அதையும் பிளந்தார்களா?”
கால்வரை போனார்கள். அங்கே நிறுத்தினார்கள்.
“நிறுத்தத் தெரிந்தவர்கள்” என்றான், சூப்பைப் பார்த்தபடி.

எங்களுக்குத் தெரியவில்லை.
இருபது சுவர், இருநூறு,
வெள்ளி இரவு நினைவகம் நிரம்பிக் கணினி விழுந்தது.
திங்களன்று எல்லாவற்றையும் இடித்தோம்.
நீர் எங்கே நிற்கிறது என்று கேட்பதை விட்டோம்.
உள்நீரா வெளிநீரா, எது உயரம்?
அந்த ஒரு கேள்விக்கே
சாட்சிகள் ஒவ்வொன்றாய்க் கலைந்து போயின.

ஒன்று போகவில்லை.
எப்படிப் பிளந்தாலும்
நுழைந்த துளிதான் வெளியே வந்தது.

புயல் நாள். கடலின் ஓதம் ஆற்றில் ஏறுகிறது.
சமம் என்று உணரி சொல்வதற்கும்
கதவு அசைவதற்கும் நடுவில்
வெளிநீர் நாலு விரற்கடை உயர்ந்துவிடுகிறது.

மதகுக்குப் போன் போட்டோம்.
திருமதி ட்யாடன், இருபத்தாறு வருடப் பணி.
“ஆமாம், தெரியுமே.
அந்த மாதிரி நாளில் பச்சை எரிந்தாலும்
உள்நீர் எட்டிப் பிடிக்கட்டும் என்று
கொஞ்சம் பொறுத்துத்தான் பொத்தானை அழுத்துவேன்.”
கொஞ்சம் என்றால்?
“கொஞ்சம்தான்.”

எந்தக் கையேட்டிலும் இல்லை.
அடுத்த புயலுக்கு நிறுத்துகடிகாரத்தோடு போய்
அவர் பக்கத்தில் நனைந்தோம்.
முப்பத்துநான்கு நொடி. ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டு.
கடிகாரத்தை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை.
கதவோரத்து நுரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்.

சராசரி எடுக்கலாமா என்றான் என்னோ.
வேண்டாம் என்றேன்.
முப்பத்துநான்கு முதல் ஐம்பத்தொன்று வரை
எந்தக் கணத்திலும் அவர் பொத்தானைத் தொடலாம்
என்றே எழுதினோம்.

நிரூபணம் நின்றது.
அதற்குள் அவர்
அடுத்த படகுக்குக் கையசைத்திருந்தார்.