டோக்கன் எண் பதினேழு

கோத்தகிரி பஸ் இப்போதும்
வாசலில்தான் நிற்கிறது.
"யுனிவர்சிட்டி எல்லாம் இறங்கு" என்றார் கண்டக்டர்.
நான் ஒருத்திதான் இறங்கினேன்.

விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயருக்குக் கட்டமில்லை.
"வளாகம் மூணுன்னு போடுங்க மேடம்"
என்றான் கவுன்டர் பையன்
ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு.
போட்டேன்.

வேதியியல் ஆய்வகத்தில் பர்னர்மேல்
நனைந்த சாக்ஸைக் காயவைத்து
ஒன்றைக் கருக்கியவள் நான்.
மீதி வருஷம் காலுக்கொரு நிறம்.
ஹெப்சிபா மிஸ் எதுவும் கேட்கவில்லை.
தன் மகளுடைய ஜோடி ஒன்றைத்
தாளில் சுற்றித் தந்தார்
ரெக்கார்டு நோட்டைத் திருத்தித் தருவதுபோல,
முகம் பார்க்காமல்.

அந்த வராந்தாவில் இன்று பையன்கள்.
உதடு நீலம் பாரித்து
கைகளை அக்குளில் செருகி
எங்கள் காலத்திலும் மூடாத ஜன்னலைத்
திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
குளிரட்டும்.
அவர்களுக்கும் கொஞ்சம் குளிரட்டும்.

"டோக்கனைக் குடுத்துட்டுப் போங்க."

கிழித்த பழைய லெட்டர்பேடின் பின்பக்கம்
பதினேழு என்று எழுதியிருந்தது.
திருப்பினால்
'மகளிர் கல்' வரை இருந்தது.

"தொலைஞ்சிருச்சு தம்பி" என்றேன்.

கட்டபெட்டு தாண்டும்வரை
கோட்டுப் பையிலிருந்து
கையை எடுக்கவில்லை.