மூன்றாம் பீரியட்

செப்டம்பர் இருபத்தெட்டு, புதன்.
ரப்லாவில் அன்று எதிர்காற்று.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

வாசலில் வைனோ நின்றிருந்தார்,
துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி.
"கப்பல்" என்றார்.
எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை.
விடுதலை திரும்பி வந்து மூன்றே வருடம்.
பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருந்தது ஒரே கப்பல்,
அதற்கும் பெயர் எஸ்டோனியா.

ஆசிரியர் அறையில் ரேடியோவைச் சுற்றி எட்டுப் பேர்.
ஒரு குரல் எண்களை வாசித்தது,
பிறகு அந்த எண்களையே திருத்தி வாசித்தது.
தலைமையாசிரியை சால்மே கதவைச் சாத்தினாள்.
"ஐந்தாம் வகுப்பு அஹ்தியின் அம்மா
அதில் அறைகளைச் சுத்தம் செய்பவள்.
இந்த வாரம் அவள் முறையா, தெரியாது.
தெரியும்வரை பையனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது."

மூன்றாம் பீரியட் எனக்கு. தசமக் கணக்கு.
அஹ்தி வந்திருந்தான்.
சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.
அவனுக்கு எல்லா நாளும் அப்படித்தான்.

புள்ளி எட்டைப் புள்ளி இரண்டால் வகுத்து
நாற்பது என்று கரும்பலகையில் எழுதினேன்.
இருபத்திமூன்று பிள்ளைகள்.
ஒரு கை கூட உயரவில்லை.
என் தப்பைப் பிடிப்பதற்கென்றே பிறந்த காய்தி
அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இடைவேளையில் அவன் பெஞ்சு பெஞ்சாகப் போனான்,
கையில் ஸ்வீடன் பபிள்கம் பாக்கெட்.
"போன தடவை அம்மா வாங்கிவந்தது."
கடைசி ஒன்றை என்னிடம் நீட்டினான்.
நீ வைத்துக்கொள் என்றேன்.
"தீரணும் டீச்சர்."

மென்றேன்.
பேரிக்காய் வாசனை.
தெரிந்துகொண்டே மென்றேன்.
இனிப்புப் போன பிறகும் துப்ப இடம் தெரியாமல்
ஐந்தாம் பீரியட்வரை நாக்கடியில் வைத்திருந்தேன்,
சொல்லாத அந்த ஒன்றோடு.

மத்தியானம் ஃபேக்ஸில் பட்டியல் வந்தது.
பிழைத்தவர்களில் அவள் பெயர்!
ஓரெழுத்து மட்டும் வேறு.
சால்மே சிவப்புப் பேனாவை எடுத்து,
பரீட்சைத்தாள் போல, அந்த எழுத்தைத் திருத்தினாள்.
நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம்.
சாயங்காலம் தெரிந்தது:
எழுத்தில் பிழையே இல்லை.
அவள் வேறொருத்தி, நார்வாக்காரி.
அவள் பிழைத்ததில் எனக்கு வந்த கோபத்தை
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குள் அஹ்தியின் சித்தி வந்து
அவனைக் கூட்டிப் போயிருந்தாள்.
அவன் நாற்காலியை நானே எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன்.

போன நவம்பரில் குளிர்கால டயர் மாற்றப் போனேன்.
கார் அடியிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எழுந்தது.
"டீச்சர், சைக்கிள் என்ன ஆச்சு?"
பொத்தான்கள் இப்போது சரியாக இருந்தன.

இத்தனை வருடம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைக்
கால்வாசிதான் சொல்லியிருப்பேன்.
அவன் ஸ்பானரை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுமே.
ஆறு மணிக்கே ரேடியோவில் கேட்டேன்.
அந்த வாரம் அம்மா முறை.
சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.
கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
பசங்களுக்கும் தெரியும்.
உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு
காய்திதான் சொன்னாள்,
டீச்சரிடம் யாரும் எதுவும் சொல்லாதீங்க,
தாங்க மாட்டாங்க என்று."

காற்றடிக்கும் எந்திரம் ஒருமுறை இரைந்து ஓய்ந்தது.

"அந்த பபிள்கம்?" என்றேன்.

"பாக்கெட் தீர்ந்தால்தானே
அடுத்தது வாங்கிவருவாள்."

கடைசி நட்டை இறுக்கினான்.
துணியில் கையைத் துடைத்தான், விரல் விரலாக.
"ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு
திரும்ப வாங்க டீச்சர்.
ஒருமுறை இறுக்கியது போதாது."