கதவை நோக்கி ஒரு சாண்

அரத்தூள் நிறத்தில் இருந்ததால்
பொடி என்று பெயர்.
வந்த அன்றே பட்டறைச் சாக்கில்,
பற்றவைக்கக் காத்திருந்த மூன்று ஜோடிக் கொலுசு நடுவே
சின்னதாய் ஓர் ஏரி வெட்டியது.

சிவதாபுரத்தில், எங்கள் வேலை நடக்கும் வீட்டில்
குப்பையை வெளியே தள்ளமாட்டோம்.
வாசலிலிருந்து உள்ளே பெருக்குவோம்.
தலைமுடி, நூல், சோற்றுப் பருக்கை,
எதிலும் ஒட்டியிருக்கும் வெள்ளி.
கை கழுவிய தண்ணீரும் ட்ரம்மில் தெளியும்,
வருடத்துக்கு ஒருமுறை
மண் வாங்க வருகிறவர் தராசுக்காக.
ஆகவே ஏரியைத் துடைத்த துணியையும்
ட்ரம்மில்தான் பிழிந்தேன்.
"இதுலயும் ரெண்டு பொட்டு தேறும்,"
சிரிக்காமல் சொன்னார் மாதேசு.

அடிக்க ஓங்கிய கை ஒருநாள்
பாதியில் நின்றது.
கேஸைத் திறந்து அவர் தீ வைக்கும்போது
உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வருமே,
அந்தச் சத்தத்துக்குத்தான்
பொடி பின்னங்காலை மடக்குகிறது.
என் மகனைக் காலில் உட்காரவைத்து
நானும் இதே சத்தம்தானே கொடுத்தேன்,
இரண்டு வருடம், பின்பக்கச் சாக்கடை ஓரம்.
அவன் இப்போது ஓசூரில் மெஷின் ஓட்டுகிறான்.
என் வாய்ச் சத்தத்தை
இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம்.
தீ வைக்கும் முன்னால் "ஏ கோமளி" என்பார்.
நான் நாயைத் தூக்கிப் பேப்பரில் விடுவேன்.
அப்புறம்தான் உஸ்ஸ்.
பேப்பர், கீழ்வீட்டு அமிர்தவல்லி டீச்சர் கொடுத்த கட்டு.
"படிச்சிட்டுத் திருப்பித் தர வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தது.
தினம் ஒரு சாண், கதவை நோக்கி.

திங்கள், மாங்காய் மண்டி விலை நனைந்தது.
செவ்வாய், மணமகள் தேவை.
புதன், பேப்பருக்கு ஒரு விரற்கடை தள்ளி,
வேண்டுமென்றே செய்தது போல.
வியாழன் ஆர்டர் இல்லை.
ஆர்டர் இல்லாததால் தீ இல்லை, உஸ்ஸும் இல்லை.
பகலெல்லாம் அடக்கிக்கொண்டு
பேப்பர் நடுவில் உட்கார்ந்து
அவர் முகத்தையே பார்த்தது பொடி.
சாயங்காலம், ஒரு ரூபாய் வேலை இல்லாத நாளில்
நாய்க்காக எழுந்து போய்
கேஸைத் திறந்துவிட்டு வந்தார் மனிதர்.

மூன்றாம் வாரம் நிலையைத் தாண்டியது பேப்பர்.
பன்னிரண்டு படி.
ஒரு படிக்கு ஒரு நாள்.
நடுவில் மழை வந்து ஏழாம் படியில் நான்கு நாள் தங்கினோம்.

ஒரு விடிகாலை, சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம்
இன்னும் வெளுக்காத நேரம்,
பட்டறையில் யாரும் இல்லை, தீயும் இல்லை,
தானாகவே கதவைப் பிறாண்டியது.
திறந்தேன். இறங்கியது.
எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.
முருங்கை மரத்தடி மண் அத்தனையும் விட்டுவிட்டு,
கேட் ஓரம் அப்போதுதான் வந்து விழுந்திருந்த
டீச்சருடைய அன்றைய பேப்பர் மேல்
நிதானமாய், முழுசாய்.

அதன்மேல் தப்பில்லை.
நாங்கள் சொல்லிக்கொடுத்தது பேப்பரை.
தெருவை அல்ல.

டீச்சர் கொடியில் காயப்போட்டுப் படித்தார்.
"வெள்ளி கிலோவுக்கு ஆயிரம் எறங்கிருக்கு கோமளி.
அந்தக் கோவமா இருக்கும்."

மேலே ஏறும்போதுதான் பார்த்தேன்,
படிக்குப் படி நாலு கால் தடம்,
வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது.
இத்தனை நாளும் பாதத்தில் ஒட்டி
எவ்வளவு இறக்கியிருக்கிறது, திருட்டு நாய்.

துடைப்பத்தோடு திரும்பி இறங்கினேன்.
படிக்கட்டைக் கீழிருந்து மேலாகப் பெருக்குகிறவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.