இரட்டைச் சிவப்பு

எங்கள் எஞ்சினுக்கு ஒரு ராஜாவின் பெயர்.
லண்டனிலிருந்து இழுத்து வந்ததை
பிளிமத்தில் கழற்றிவிட்டார்கள்.
பக்கவாட்டில் இரண்டு சிவப்புப் பொட்டு:
ஆற்றைத் தாண்டாதே.

பாலம் மொத்த ரயிலையும் தாங்கும்.
ஒரே அச்சின் கீழ் இருபத்திரண்டரை டன்
குத்தி நிற்பதைத்தான் தாங்காதாம்.
"யானை நடக்கலாம்,
ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது"
என்பார் டிரைவர் பெங்கெல்லி.

சின்ன எஞ்சின் ஒன்று வந்து
பத்துப் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டது,
விசில்கூட அடிக்காமல்.

எனக்கு வீடு அக்கரையில், சால்டாஷில்.
கரி அள்ளிய கையோடு
கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன்.

டேமர் ஆற்றின் நடுவே எழுந்து
கனமாக
ஒரு தடவை குதித்துப் பார்த்தேன்.

எதிர் இருக்கை அம்மாள்
குடையை இறுக்கிப் பிடித்தாள்.