அரை மூட்டை

பேரணாம்பட்டு சொசைட்டியில் வாங்கிய யூரியா.
பாதியை ஜரீனாவுக்குக் கொடுத்தேன்;
அந்தக் காசில்
மலைக்கு அந்தாண்ட எல்லப்பாவின் ஆட்டுக்கிடை,
மூன்று ராத்திரி.

தெலுங்கில் அதட்டினால்தான் நகரும் ஆடுகள்
என் மானாவாரியை மூத்திரத்தில் நனைத்தன.

கொழுந்தன் முழு மூட்டையும் இறைத்தான்.
அவன் மல்லாட்டை கரும்பச்சை, முழங்காலுக்கு மேல்.
என்னுடையது
தோடு அடகுபோன காது மாதிரி.

மழை விட்ட சாயங்காலம்
மிச்ச அரை மூட்டையைத் தூவினேன்.
ஈரக்கையில் சில்லென்றது குருணை.

ஐப்பசியில்
அவன் செடி இழுத்ததும் வந்தது, வெறும் தழையாக.
என்னுடையதற்கு
இரண்டு கை வேண்டியிருந்தது.

பாக்கி கேட்டு வந்தான் எல்லப்பா.
துண்டில் இரண்டு படி கொட்டினேன்.
ஒன்றை உடைத்து மென்றபடி
பேசாமல் நின்றான்.

அவன் ஆடுகள் அதற்குள்
கொழுந்தன் தழையில்.