இரண்டு காற்புள்ளிகள்

குத்தாயிசியில் மழை விட்ட பிற்பகல்.
ரியோனி ஆற்றின் நீர்மட்ட அலுவலகத்தில்
லாமாரா பழைய வட்டைப் புதுக் கணினியில் செருகுகிறாள்.
பதினோரு வருஷத்து வெள்ளம்
நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களாக
விசிறிச் சத்தத்தோடு விழித்துக்கொள்கிறது.

பெயர்களில் ஒழுங்கில்லை.
சில பெரிய எழுத்தில், தொண்டை கிழிய.
சில சின்ன எழுத்தில், முணுமுணுப்பாய்.
திபிலிசி மேலிடம் கேட்டிருப்பதோ
எல்லாம் சின்னதில், வெள்ளிக்கிழமைக்குள்.

அவளுடைய சொந்த லிபியில்
முப்பத்து மூன்று எழுத்தும் ஒரே பெஞ்சில் உட்காரும்.
என்னுடையதிலும் பெரிசு சிறிசு கிடையாது.
எங்களுக்கு இருப்பது குறிலும் நெடிலும்:
கல்லுக்கு ஒரு துணைக்கால் கொடுத்தால்
கால் ஆகி எழுந்து நடந்துவிடும்.
இந்த உயரத் தகராறு எங்கள் இருவருக்குமே
அடுத்த வீட்டுச் சண்டை.

ஷெல்லில் ஒரே வரி எழுதினாள்.
ஒவ்வொரு ஃபைலாக எடு, புது ஃபோல்டரில் நகலெடு,
போகிற வழியில் பெயரைத் தாழ்த்து.
தாழ்த்தப் பெரிய மந்திரம் வேண்டாம்,
பெயரின் வாலில் இரண்டு காற்புள்ளி.
எண்டர்.

ஷெல் ஒன்றும் சொல்லவில்லை.
அது ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று
எங்கோ படித்திருக்கிறாள்.

எண்ணிப் பார்த்தாள்.
முந்நூற்று எழுபத்தொன்று.

மறுபடி எண்ணினாள். தேநீர் ஆறியது.
நாற்பத்தொன்று எங்கே?

நல்லவேளை, நகர்த்தவில்லை, நகல்தான்.
பழைய வட்டில் எல்லாம் அப்படியே இருந்தன,
சில தேதிக்கு இரட்டையராக:
பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று.
பெரியவை முதலில் புறப்பட்டு
தலை குனிந்து புது வீட்டில் நுழைந்திருக்கின்றன.
பின்னால் வந்த சின்னவை அதே பெயர் சொல்லி
அதே நாற்காலியில், அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டன.
ஒரு முனகல்கூட இல்லை.

ஒரு ஜோடியைத் திறந்தாள்.
எழுதியவர் இரவுப் பணியாளர் பாத்ரி.

சின்னது: காலை ஆறு. அளவுகோல். 338.
பெரியது: இரவு இரண்டு. படி வழுக்குகிறது, இறங்கவில்லை.
ஜன்னலைத் திறந்து கேட்டேன். 340 இருக்கும்.

இரண்டு சென்டிமீட்டர்!
இருட்டில், காதால்.

அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை,
ஆறும் ஆளும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்.
ஐந்தாம் வருஷம் ஒன்பது.
ஏழாம் வருஷம் இருபத்தாறு,
பக்கத்தில் ஒரு குறிப்பு: காற்று அதிகம்.
எட்டாம் வருஷம் நாற்பது. காற்று அதிகம்.
அந்த இரவின் வானிலைப் பதிவை எடுத்துப் பார்த்தாள்.
இலை அசையவில்லை.

கடைசி ஜோடி.
பெரியது: ஆறு இன்று அடங்கிவிட்டது. 210 போடுகிறேன்.
சின்னது: 512. கீழ்ப்படிகள் இல்லை.

யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவில்
ஒரு மனிதனின் செவி
சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வற்றியிருக்கிறது.
இரண்டு காற்புள்ளியில்
அவள் அதைத் துடைக்கப் பார்த்திருக்கிறாள்.

புது ஃபோல்டரைக் காலி செய்தாள்.
இப்போது ஆறு வரி. முதல் நான்கும் பிழை காட்டின,
மேற்கோள்குறி ஒன்றை மூட மறந்து
அரைமணி நேரம் திட்டினாள்.
முடிவில் எல்லாப் பெயரும் சின்னதாயின, மேலிடம் கேட்டபடி.
பெரிதாய் இருந்தவற்றுக்கு மட்டும்
ஒரு வால்: குரி.
அவள் மொழியில் காது என்று பொருள்.
எனக்கென்னவோ அது
குறி என்றே விழுகிறது.

நானூற்றுப் பன்னிரண்டு.

திங்கட்கிழமை திபிலிசியிலிருந்து ஒரு வரி வந்தது:
இந்தக் குரி எதற்கு? தேவையில்லாததை நீக்கவும்.

லாமாராவும் ஒரு வரிதான் எழுதினாள்:
நீக்க இயலாது. அது கருவியின் பெயர்.